பாணி யாருடைய சொத்து? பிரேசிலிய ஜியு-ஜிட்சுவின் வரலாற்றை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

எழுத்தைப் பற்றிப் பேசும்போது 'நடை' என்கிற சொல்லை நாம் சர்வசாதாரணமாகப் பயன்படுத்திவருகிறோம். ஒருவருடைய நடை அவருக்கு மட்டுமே உரித்தானது, அவருடைய அகத்திலிருந்து கிளம்பி வருவது என்பதாக ஒரு நம்பிக்கை நம் விமர்சனத்தில் ஊறிக்கிடக்கிறது. ஆசிரியன் இறந்துபோனான் என்று எழுதிய சிறுபத்திரிகைகள்கூட அடுத்த கட்டுரையிலேயே யாரோ ஒரு கதாசிரியரின் தனித்துவமான நடையைச் சிலாகித்திருப்பதைப் பழைய இதழ்களில் பார்க்கலாம். எனக்கும் இதில் பெரிய உறுத்தல் எதுவும் இருந்ததில்லை. ஒரு மாடி அறையில், ரப்பர் பாயின் மேல், என்னைவிடப் பத்து வயது சின்னவர் ஒருவர் என் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு ஒரு வாக்கியம் சொல்லும்வரை.

முப்பத்தாறு வயதில் பிரேசிலிய ஜியு-ஜிட்சு கற்றுக்கொள்ளப் போனேன். இதில் குத்து, உதை கிடையாது. எதிராளியைப் பிடித்துக் கீழே தள்ளி, தரையில் புரண்டு, கை கால் மூட்டைப் பூட்டியோ கழுத்தை நெரித்தோ அவரைத் 'தட்ட' வைக்க வேண்டும். தட்டினால் உடனே விட்டுவிட வேண்டும். எனக்கு இடது முட்டி சரியில்லை. பல வருஷத்துக்கு முன்னால் வண்டியிலிருந்து விழுந்ததில் இன்றுவரை அது முழுசாக மடங்காது. இருந்தும் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்யப் பார்த்து, ஆறு மாசம் தினமும் தோற்றுக்கொண்டிருந்தேன். ஒருநாள் பயிற்சி தருகிற அந்த இளைஞர் சொன்னார்: "அண்ணா, நீங்க என் ஆட்டத்தை ஆடப் பாக்கறீங்க. உங்க முட்டி அதுக்கு ஒத்துக்காது. உங்களுக்குன்னு ஒரு ஆட்டம் பண்ணிக்கங்க."

எனக்கென்று ஓர் ஆட்டம். அதை எங்கே போய்ப் பண்ணுவது? எனக்குள் அது ஏற்கெனவே இருக்கிறதா, தேடி எடுக்க வேண்டியதுதானா? அல்லது இனிமேல்தான் உண்டாக வேண்டுமா? உண்டானால் அது என்னுடையதா, சொல்லிக்கொடுத்தவருடையதா, என் மேல் விழுந்து புரண்டவர்களுடையதா? இந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு இந்தக் கலையின் வரலாற்றைப் படிக்கப் போனபோது, அந்த வரலாறே பெரும்பாலும் 'இது யாருடையது' என்கிற தகராறாக இருப்பதைக் கண்டேன். அந்தத் தகராறைப் பற்றித்தான் இந்தக் குறிப்புகள்.

2

ஒரு கலையின் வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது என்பது அப்பாவித்தனமான தேர்வு அல்ல. கிரேசி குடும்பத்தின் கதையாடல் பிரேசிலில் தொடங்கும். நான் ஜப்பானிலிருந்து தொடங்குகிறேன்.

1882-இல் ஜிகோரோ கானோ என்கிற இளைஞர் டோக்கியோவில் கோடோகான் பள்ளியைத் தொடங்கினார். பழைய ஜுஜுட்சு மரபுகளைக் கற்றவர் அவர். முன்கூட்டியே வகுக்கப்பட்ட அசைவுகளை இருவர் திரும்பத் திரும்பச் செய்து காட்டும் முறைக்குக் 'கதா' என்று பெயர். முடிவு தெரியாமல் இருவர் முழு எதிர்ப்புடன் மோதிப்பார்ப்பது 'ரன்தோரி'. கானோ கதாவைக் கைவிடவில்லை. ஆனால் ரன்தோரியைப் பயிற்சியின் நடுவில் கொண்டுவந்து வைத்தார். அதற்காக ஆபத்தான உத்திகளை அதிலிருந்து விலக்கினார். பாணி பற்றி யோசிக்கிற நமக்கு இது முக்கியமானது. கதாவில் வேறுபாடு என்பது பிழை. ரன்தோரியில் வேறுபாடு பலித்துவிட்டால் அது உத்தி.

தமிழ் எம்.ஏ. படிக்கும்போது சுவடிப் பதிப்புகளில் 'பாடபேதம்' என்பதைச் சந்தித்திருக்கிறோம். பதிப்பாசிரியர் ஏற்ற பாடம் மேலே இருக்கும். மற்றவை அடிக்குறிப்பில் சின்ன எழுத்தில் கிடக்கும். எது மூலம், எது ஏடெழுதியவனின் கைப்பிழை என்பதைத் தீர்மானிக்கிற அதிகாரம் பதிப்பாசிரியரிடம் இருக்கிறது. ரன்தோரியில் அந்த அதிகாரம் எதிராளியின் உடலுக்குப் போய்விடுகிறது. கைப்பிழையாகப் பிறந்த ஓர் அசைவு அவரைக் கவிழ்த்துவிட்டால் அதுதான் பாடம். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தோற்றவர் மறுநாளும் நடந்துவர வேண்டும். தட்டினால் விட்டுவிடுவது என்கிற சின்ன ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஒருவர் ஆயிரம் தடவை தோற்றுத் தன் உடலுக்கு எது பொருந்தும் என்று தேட முடியாது. ஆக, பாணி தோன்றுவதற்கு முதல் தேவை திறமைகூட அல்ல. பத்திரமாகத் தோற்பதற்கு ஓர் இடம்.

கோடோகானில் பயின்ற மிட்சுயோ மயேதா 1904-இல் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். ஐரோப்பா, மெக்சிகோ, கியூபா என்று சுற்றிக் காசுக்கு மல்யுத்தக்காரர்களோடு மோதினார். ஸ்பெயினில் 'கோன்டே கோமா' என்ற மேடைப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1914-இல் பிரேசிலுக்கு வந்து, பிறகு அமேசான் முகத்துவாரத்திலுள்ள பெலேம் நகரில் குடியேறி, 1941-இல் அங்கேயே இறந்தார். கானோவின் ஜூடோவையே அப்போது வெளிநாடுகளில் ஜியு-ஜிட்சு என்றுதான் பலரும் அழைத்தார்கள். அந்தப் பெயர் பிரேசிலில் தங்கிவிட்டது.

இதற்குப் பிறகுதான் குடும்பக் கதை. பெலேமில் கார்லோஸ் கிரேசி (பிறப்பு 1902) மயேதாவிடம் கற்றார்; குடும்பம் ரியோவுக்குப் பெயர்ந்தது; 1925-இல் கார்லோஸ் பள்ளி தொடங்கினார்; அவருடைய கடைசித் தம்பி எலியோ (1913–2009) நோஞ்சான், மருத்துவர் பயிற்சியே கூடாது என்று சொல்லியிருந்தார்; அண்ணன் சொல்லிக்கொடுப்பதை ஓரமாக உட்கார்ந்து பார்த்தே கற்றார்; ஒருநாள் அண்ணன் வரத் தாமதமாக, வந்திருந்த மாணவருக்குத் தானே வகுப்பெடுத்தார்; பலம் இல்லாததால் நெம்புகோல் தத்துவத்தைக் கொண்டு எல்லா உத்திகளையும் மாற்றியமைத்தார்; அதுதான் பிரேசிலிய ஜியு-ஜிட்சு. இப்படியாகப் போகிறது கதை.

பழைய செய்தித்தாள்களைப் புரட்டிய ஆய்வாளர்கள் இதில் பல ஓட்டைகளைக் காட்டிவிட்டார்கள். 1930-இல் ரியோவில் பள்ளியைத் தொடங்கியவர் டொனாட்டோ பிரெஸ் டோஸ் ரெய்ஸ் என்பவர். கார்லோஸ் அங்கே உதவியாசிரியராகத்தான் இருந்தார் என்கிறார்கள். நோஞ்சான் என்று சொல்லப்பட்ட எலியோ இளமையில் நீச்சலிலும் படகுத் துடுப்பிலும் ஈடுபட்டவர் என்கிறார்கள். தரையில் மல்லாந்து கிடந்து கால்களால் எதிராளியைக் கட்டுப்படுத்தும் 'கார்டு' நிலையும் பிரேசிலில் பிறந்ததல்ல; ஜப்பானின் உயர்நிலைப்பள்ளி ஜூடோப் போட்டிகளில் தரைச் சண்டை தனியாகவே வளர்ந்திருந்தது.

ஆனால் பாருங்கள், இந்தப் பொய்யில் ஓர் உண்மை இருக்கிறது. உடலின் குறையிலிருந்து பாணி பிறக்கிறது என்கிற உள்ளுணர்வு சரியானதுதான். கதை செய்கிற மோசடி வேறு இடத்தில் நடக்கிறது. குறை என்பது எல்லா உடலுக்கும் உண்டு, ஆகவே எந்த உடலும் பாணியை உண்டாக்கலாம் என்கிற விஷயத்தை, ஒரே ஒரு நோஞ்சான் பையனின் குறையாகச் சுருக்கி, அவன் வாரிசுகளுக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிடுகிறது.

3

அந்தப் பட்டாவில் யார் யார் பெயர் விடுபட்டது?

1951 அக்டோபர் 23 அன்று ரியோவின் மரக்கானா அரங்கில் எலியோவும் ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுராவும் மோதினார்கள். இரண்டாம் சுற்றில் கிமுரா எலியோவின் கையை முதுகுப்பக்கமாக மடக்கி முறுக்கினார். எலியோ தட்டவில்லை, கார்லோஸ் குறுக்கிட்டு நிறுத்தினார். ஜப்பானில் உதே-கராமி என்று ஏற்கெனவே பெயர் இருந்த அந்தப் பூட்டுக்கு பிரேசிலில் 'கிமுரா' என்று பெயராகிவிட்டது. இன்று எந்த நாட்டில் எந்தப் பாயில் போய் நின்றாலும் அதற்கு அதுதான் பெயர். கிமுரா அதைக் கண்டுபிடித்தவர் அல்ல. தோற்றவர்கள் தங்களைத் தோற்கடித்தவருக்குக் கொடுத்த பெயர் அது. ஓர் உத்தியின் மேல் இருக்கும் ஆள்பெயர் பெரும்பாலும் உற்பத்தியாளரின் கையெழுத்து அல்ல, ஒரு சந்திப்பின் தழும்பு என்பதை இதிலிருந்து கற்றுக்கொண்டேன்.

எல்லாச் சந்திப்புக்கும் இப்படிப் பெயர் கிடைத்துவிடவில்லை. 1955 மே மாதம் எலியோவோடு வால்டெமார் சந்தானா மோதினார். பாஹியாவிலிருந்து வந்த கறுப்பர். கிரேசி பள்ளியிலேயே வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே கற்றவர். எலியோவோடு மனத்தாங்கலாகி வெளியேறியவர். சண்டை மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் நடந்தது. கடைசியில் சந்தானாவின் உதையில் எலியோ சாய்ந்தார். மறு வருஷம் கார்லோஸின் மகன் கார்ல்சன், சந்தானாவை வென்று குடும்பப் பெயரை 'மீட்டார்'. கார்ல்சனின் பெருமையைச் சொல்லும் கதைகளில் சந்தானா ஒரு படிக்கட்டாக வந்துபோகிறார். ஜப்பானிலிருந்து வந்த வெற்றியாளர் ஒரு பூட்டின் பெயராக நிலைத்துவிட, வீட்டு வேலைக்காரனாக இருந்து வென்றவர் பெயரில் ஒரு பிடிகூட இல்லாமல் போச்சு.

மயேதாவிலிருந்து வரும் இன்னொரு கிளை லூயிஸ் ஃபிரான்சா வழியாக ஒஸ்வால்டோ ஃபாடாவுக்கு (1921–2005) வருகிறது. ரியோவின் புறநகரான பென்டோ ரிபெய்ரோவில் 1950-இல் பள்ளி தொடங்கியவர். கிரேசி பள்ளி நகரத்தின் மையத்தில் வசதியானவர்களுக்குத் தனி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. ஃபாடா காசில்லாதவர்களுக்கும், கடற்கரையிலும் பொது இடங்களிலும், சொல்லிக்கொடுத்தார். 1950-களில் அவருடைய மாணவர்கள் கிரேசி பள்ளிக்குச் சவால்விட்டுப் போய் வென்றுவந்தார்கள். அவர்கள் அதிகம் பயன்படுத்தியது பாதப் பூட்டு. கிரேசி தரப்பு அதை மதிக்கவில்லை. 'புறநகர் உத்தி' என்றும், அதைச் செய்கிறவர்களைச் 'சபாதெய்ரோ' என்றும் ஏளனம் செய்தது. சபாதெய்ரோ என்றால் செருப்புத் தைப்பவர். காலைப் பிடிப்பவன் கீழானவன் என்கிற இந்த வசையின் உள்ளர்த்தத்தைத் தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் பாணி என்பது தனிமனித விவகாரமாக இல்லாமல் போகிறது. எந்த அசைவு அழகானது, எது இழிவானது, எது 'உத்தி', எது 'குறுக்குவழி' என்பதெல்லாம் பாய்க்கு வெளியில், தெருக்களுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தில் தீர்மானமாகிவிடுகின்றன. புறநகர்ப் பையன் ஒருவன் கால் பக்கம் போனது அவன் சுயவெளிப்பாடு அல்ல. மேல்பக்கம் எல்லாம் அவனைவிட நன்றாகத் தெரிந்த, நாள் முழுக்கப் பயிற்சி செய்ய நேரமும் காசும் இருந்த ஆட்களிடம், அவர்கள் பார்க்காமல் விட்டிருந்த இடம் அதுவாக இருந்தது என்பதாகத்தான் நான் இதை வாசிக்கிறேன்.

இந்தக் கதைக்குப் பின்குறிப்பு ஒன்று உண்டு. 2010-களில் நியூயார்க்கில் ஜான் டனஹர் என்கிற பயிற்சியாளரின் மாணவர்கள் கால் பூட்டுகளை ஒரு முழுமையான முறையாக வளர்த்தெடுத்துப் போட்டிகளைக் கலக்கினார்கள். டனஹர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தத்துவ ஆய்வு மாணவராக இருந்தவர். அவர் காலிலேயே பழைய காயம் உண்டு. மனித உடம்பில் பாதியை ஏன் விட்டுவிடுகிறீர்கள் என்று டீன் லிஸ்டர் என்கிற வீரர் ஒருமுறை கேட்டதுதான் தன்னை யோசிக்கவைத்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். ஃபாடாவின் பாதப் பூட்டும் இவர்கள் பிரபலமாக்கிய குதிகால் முறுக்கும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நேரடி வம்சத் தொடர்பும் இல்லை. நான் சொல்ல வருவது மதிப்பைப் பற்றி. சர்வதேசக் கூட்டமைப்பு ஜாக்கெட் இல்லாத போட்டிகளில், பழுப்பு, கறுப்புப் பட்டைக்காரர்களுக்குக் குதிகால் முறுக்கை 2021-இல் அனுமதித்தது. செருப்புத் தைப்பவனின் வேலை என்று இகழப்பட்ட உடல் பகுதி, சரியான முகவரியிலிருந்து வந்தபோது 'முறைமை' ஆனது. அதற்கான பாடங்கள் நல்ல விலைக்குப் போகின்றன.

4

இனி உடலுக்கு வருவோம். குறையிலிருந்து பாணி பிறக்கிறது என்றேன். அதற்கு எலியோவின் கதையைவிட நம்பகமான சாட்சிகள் இருக்கிறார்கள்.

ரொபேர்டோ கொரெயாவை எல்லோரும் 'கோர்டோ' என்பார்கள். போர்ச்சுக்கீசிய மொழியில் குண்டன் என்று பொருள். முட்டியில் அடிபட்டதால், எதிராளியின் இடுப்பை இரண்டு காலாலும் சுற்றிப் பூட்டும் கார்டு அவருக்கு முடியாமல் போனது. ஒரு காலை மட்டும் பிடித்துவைத்துக்கொள்ளும் 'ஹாஃப் கார்டு' நிலையில் கிடந்து பயிற்சியைத் தொடர்ந்தார். அதுவரை அந்த நிலை தோல்விக்குப் போகிற வழியில் ஒரு நிறுத்தம் என்பதாகவே பார்க்கப்பட்டது. பாதி கடந்தாகிவிட்டது, மீதியைக் கடக்க வேண்டியதுதான் என்று மேலே இருப்பவர் நினைப்பார். வேறு வழியில்லாமல் அங்கேயே குடியிருக்க நேர்ந்த கோர்டோ, அங்கிருந்து எதிராளியைக் கவிழ்க்கிற வழிகளை ஒவ்வொன்றாகக் கண்டார். 1990-களில் அது ஒரு தாக்கும் நிலையாகவே மாறிப்போனது. இன்று முட்டி நன்றாக இருப்பவர்களும் விரும்பிப் போய் ஹாஃப் கார்டில் விழுகிறார்கள்.

கிரேசிகளின் உறவினரான ஜான் ஜாக் மச்சாடோவுக்குப் பிறவியிலேயே இடது கையில் கட்டைவிரலைத் தவிர விரல்கள் வளரவில்லை. ஜாக்கெட்டின் கழுத்தையும் கைப்பகுதியையும் இறுகப் பிடிப்பதுதான் இந்தக் கலையின் அரிச்சுவடி. இடது கையால் அது முடியாது என்று ஆனபோது அவர் எதிராளியின் கையையும் தோளையும் தன் முழங்கையின் உள்பக்கத்தால் கொக்கி போட்டு அணைத்துக்கொள்ளக் கற்றார். துணிக்குப் பதில் உடம்பையே பிடித்தார். 1999-இல் அபுதாபி போட்டியில், ஜாக்கெட் இல்லாமல் ஆடப்படும் அந்தப் பந்தயத்தில், தன் எடைப்பிரிவில் பட்டம் வென்றார். துணியைப் பிடிக்க முடியாததால் உருவான பிடி, துணியே இல்லாத ஆட்டத்துக்குக் கச்சிதமாகப் பொருந்திப்போனது.

அவருடைய மாணவர் எடி பிராவோ. விரல்கள் எல்லாம் சரியாக உள்ளவர். 2003-இல் சாவ் பாலோவில் நடந்த அபுதாபி போட்டியில் பழுப்புப் பட்டைக்காரராக வந்து, எலியோவின் மகன் ராய்லரைக் கால்களால் கழுத்தை நெரித்துத் தட்டவைத்தார். பிறகு ஜாக்கெட்டை முற்றாக விட்டுவிட்டுத் தனி முறையும் தனிப் பள்ளிகளும் உண்டாக்கினார். அவரிடம் கற்கிறவர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். ஒரு மனிதரின் இடது கையில் இல்லாத விரல்கள், விரல் உள்ள ஆயிரக்கணக்கான கைகளின் பழக்கத்தில் இப்போது இருக்கின்றன என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றுதான் நினைக்கிறேன். குறை அந்த ஒரு உடலோடு நின்றுவிட்டது. அதற்குக் கிடைத்த பதில் கைமாறிக் கைமாறிப் போய்க்கொண்டிருக்கிறது. வாங்கியவர்களுக்குக் கேள்வி என்னவாக இருந்தது என்றுகூடத் தெரிய வேண்டியதில்லை.

பாணி ஒருவரிடம் தோன்றுகிறது, ஆனால் அவரிடம் தங்குவதில்லை. அது தோன்றுவதற்கே இன்னோர் உடலின் எதிர்ப்பு தேவைப்படுகிறது. கோர்டோ கண்டுபிடித்த ஒவ்வொரு கவிழ்ப்பையும் கோர்டோவைக் கடந்து போகப் பார்த்த யாரோ ஒருவர் சேர்ந்துதான் கண்டுபிடித்திருக்கிறார். அந்த யாரோ ஒருவருக்கு வரலாற்றில் பெயர் கிடையாது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் அவசியம். குறை இருந்தால் கலை பிறக்கும் என்பதாக இதை யாரும் ஆன்மீகப்படுத்திவிடக் கூடாது. முட்டி போனவர்களில் பெரும்பாலோர் பேசாமல் நின்றுவிடுவார்கள், அவ்வளவுதான். கோர்டோவுக்குப் பாய் இருந்தது, பயிற்சித் தோழர்கள் இருந்தார்கள், ஒரு காலோடு கிடக்கிறாயே, எழுந்திரு என்று விரட்டாத பள்ளி இருந்தது. குறை பாணியாவதற்கு நேரம், காசு, சகித்துக்கொள்ளும் ஆசான் என்று பல விஷயங்கள் வேண்டும். அவை சமமாகப் பங்கிடப்பட்டிருப்பவை அல்ல. பலவீனர்களுக்கான கலை என்று பறைசாற்றிக்கொண்ட இந்தக் கலையில், யுவோனி துவார்த்தே கறுப்புப் பட்டை வாங்கிய முதல் பெண் ஆனது 1990-இல். 1996-இல் ரியோவில் முதல் உலகப் போட்டி நடந்தபோது பெண்களுக்குப் பிரிவே இல்லை, 1998-இல்தான் வந்தது. பலவீனம் என்பதன் பிரதிநிதியாக நோஞ்சான் ஆண் ஒருவர் ஏற்கெனவே நியமிக்கப்பட்டுவிட்டார் அல்லவா!

5

பாணியைச் சொத்தாக்கும் முயற்சி நேரடியாக நீதிமன்றத்துக்கே போனது. எலியோவின் மூத்த மகன் ரோரியன் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து 'கிரேசி ஜியு-ஜிட்சு' என்பதைத் தன் வணிகப் பெயராகப் பதிவுசெய்துகொண்டார். 1993 நவம்பரில் டென்வரில் அவர் பங்கெடுத்து நடத்திய முதல் யுஎஃப்சி போட்டியில் தம்பி ராய்ஸ் ஒரே இரவில் மூன்று பேரை வீழ்த்தினார். அந்தப் பெயரின் மதிப்பு எங்கேயோ போய்விட்டது. கார்லோஸின் மகன் கார்லி, ரோரியனுக்கு முன்பே அமெரிக்காவில் சொல்லிக்கொடுத்துவந்தவர். அவர் தன் சொந்தக் குடும்பப் பெயரைப் பயன்படுத்துவது பற்றி வழக்கு மூண்டது. 2000-இல் மேல்முறையீடு வரை போன அந்த வழக்கில், 'கிரேசி ஜியு-ஜிட்சு' என்ற பெயருக்கு ரோரியன் தனியுரிமை கொண்டாட முடியாது என்பது உறுதியானது; அவருடைய முக்கோணச் சின்னத்துக்கு உரிமை உண்டு என்றாகியது. படத்துக்குச் சொந்தக்காரர் உண்டு, ஆட்டத்துக்குக் கிடையாது. சட்டம் சில சமயம் விமர்சகர்களைவிடத் தெளிவாக இருக்கிறது.

சொத்து என்பது பத்திரத்தில் மட்டும் இல்லை, விசுவாசத்திலும் இருக்கிறது. கார்ல்சன் கிரேசி, குடும்பத்தின் தனி வகுப்பு வழக்கத்தை உடைத்துக் கோபகபானாவில் கூட்டு வகுப்புகள் நடத்தியவர். எதையும் மறைக்காமல் சொல்லிக்கொடுத்தவர் என்று பெயரெடுத்தவர். எதிராளியின் முன்காலுக்கு வெளிப்பக்கமாகத் தன் காலைச் சுற்றிக் கொக்கி போடும், இன்று உலகம் முழுக்க டி லா ரிவா கார்டு என்று வழங்கும் நிலையை 1980-களில் வளர்த்தெடுத்த ரிகார்டோ டி லா ரிவா அவருடைய மாணவர்தான். அதே கார்ல்சன்தான் தன்னை விட்டு வேறு பள்ளிக்குப் போகிறவர்களைக் 'கிரெயோன்டே' என்று திட்டத் தொடங்கினார். ஒரு தொலைக்காட்சித் தொடரில் வந்த பாத்திரத்தின் பெயர் அது. இன்றைக்கும் பிரேசில் பள்ளிகளில் துரோகி என்றால் அந்தச் சொல்தான். கதவைத் திறந்துவிட்டவரே, வெளியே போகிறவர்களுக்குப் பெயர் வைத்ததை முரண் என்று சொல்லிக் கடந்துவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாராளமாகக் கொடுப்பவருக்கு, கொடுத்தது தன் கண்முன்னே வேறொன்றாக மாறுவதைப் பார்ப்பது கஞ்சனைவிடக் கஷ்டமாக இருந்திருக்கும். எழுத்தாளர்கள் தங்கள் சீடர்களிடம் நடந்துகொள்கிற விதத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இதற்கு மறுபக்கம் மார்செலோ கார்சியா. பிராவோ ராய்லரை வென்ற அதே 2003 போட்டியில், கடைசி நேரத்தில் மாற்று ஆளாக உள்ளே வந்து, தன் எடைப்பிரிவில் பட்டம் வென்றவர். எதிராளியின் கால்களுக்கு இடையில் நுழைந்து இரண்டு கால்களையும் குறுக்காகப் பின்னிக் கவிழ்க்கும் 'எக்ஸ் கார்டு' அவரால் பரவலானது. பின்னாளில் நியூயார்க்கில் பள்ளி வைத்தபோது, தன் அன்றாடப் பயிற்சியையே படமெடுத்து, சந்தா கட்டியவர் எவரும் பார்க்கும்படி வைத்தார். போட்டியாளர்கள் உன் ஆட்டத்தைப் படித்துவிட மாட்டார்களா என்ற கேள்விக்கு அவருடைய பதிலின் சாரம் இது: என் ஆட்டத்தைப் படித்துவிட்டு வருகிறவர் என் ஆட்டத்துக்குள் வருகிறார், அங்கே அவரைவிட எனக்கு அதிகம் தெரியும். இதுவும் வியாபாரம்தான், சந்தா இலவசம் இல்லை. ஆனால் பாணியைப் பற்றிய புரிதல் வேறு. ரோரியன் அதை ஒரு பொருளாக நினைத்து வேலி போட்டார். கார்சியா அதை ஒரு ஓட்டமாக நினைத்ததால் வேலி தேவைப்படவில்லை. அபுதாபிப் பட்டம் அவருக்கு 2005, 2007, 2011 ஆண்டுகளிலும் கிடைத்தது.

6

மறுபடியும் என் முட்டிக்கு வருகிறேன்.

இதையெல்லாம் படித்தபின் எனக்கென்று ஓர் ஆட்டம் உண்டாகிவிட்டதா என்றால், பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. இடது கால் மடங்காததால் வலப்பக்கம் சாய்ந்து, ஹாஃப் கார்டில், ஒருக்களித்துக் கிடக்கிறேன். இடது கையை எதிராளியின் அக்குளுக்கடியில் விட்டு முதுகை அணைத்துக்கொள்கிறேன். பத்துக்கு ஏழு தடவை தோற்கிறேன். முன்பு பத்துக்குப் பத்து. இதில் கோர்டோ இருக்கிறார். அந்த அணைப்பில் மச்சாடோவின் விரலில்லாத கை இருக்கிறது. ஆனால் அவர்கள் இருவரும் செய்யாத ஒன்றும் இருக்கிறது: கால் மடங்காமல் நீட்டிக்கொண்டிருப்பதால், மேலே இருப்பவர் கடந்துபோக முயலும்போது அது ஒரு கட்டைபோல அவருக்குக் குறுக்கே கிடக்கிறது. நான் திட்டமிட்டுச் செய்வது அல்ல. என்னால் வேறு எப்படியும் செய்ய முடியாது.

இதை முதலில் கவனித்தது நான் இல்லை. கல்லூரியில் படிக்கிற ஒரு பெண், என்னைவிடப் பதினைந்து கிலோவாவது குறைவானவர், தினமும் என் மேல் ஏறி அந்தக் காலைத் தாண்டப் பார்ப்பவர், ஒருநாள் அலுத்துப்போய்ச் சொன்னார்: "சார், உங்க அந்தக் கால்தான் பிரச்சினை. அது ஏன் எப்பவும் வழியிலயே கிடக்குது?" எனக்குச் சிரிப்பு வந்தது. பல வருஷமாக அதே கேள்வியைத்தான் நானும் என் காலைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன், வேறு தொனியில்.

இதற்குள் அவர் அதற்கு ஒரு பதிலும் கண்டுபிடித்துவிட்டார். கட்டைபோல் கிடக்கும் காலைத் தாண்டாமல், அதன் மேலேயே உட்கார்ந்து, பின்பக்கமாகத் திரும்பிப் போகிறார். மெலிந்த உடம்புக்கு அது வேலை செய்கிறது. பருமனானவர்கள் முயன்றால் கவிழ்ந்துவிடுகிறார்கள். சென்ற வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனிடம், முட்டி நன்றாக மடங்குகிறவன்தான், அதையே அவர் செய்துகாட்டிக்கொண்டிருந்தார். பையன் இது என்ன நிலை, பெயர் என்ன என்று கேட்டான். அவர் கொஞ்சம் யோசித்தார். என் பெயரையும் சொல்லவில்லை, தன் பெயரையும் சொல்லவில்லை. "பேரெல்லாம் இல்ல, பாரு, இப்படி உக்காரணும்" என்றார்.

நமக்கு எழுத்தின் பாணிக்கும் நடை என்றுதான் பெயர். நொண்டுகிறவருக்கும் நடை உண்டு. பக்கத்தில் நடந்துவருகிறவர் அதற்கேற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும்போது, இரண்டு நடையில் எது யாருடையது என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல. வம்ச வரலாறுகள் இதைச் சுலபமாகப் பிரித்துவிடுகின்றன என்பதுதான் அவற்றின் மேல் எனக்குள்ள சந்தேகம்.